கதவைச் சாத்தி எடுத்த பேட்டி

ஒருவரிடம் சம்பளத்தைக் கேட்டால் கோபம் வரும். வயதைக் கேட்டால் பொய் வரும். "நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்பதையே தொழிலாக வைத்திருந்தவள் நான். ஒரு வருஷம்கூட நிலைக்காத தொழில். ஏன் நிலைக்கவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

சமூகவியலில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா குந்தியிருந்தேன். லிந்துலைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் பட்டதாரி என்றால் டீச்சராக வேண்டும். ஆகாவிட்டால், "என்னா புள்ள, பெயிலாயிருச்சா?" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வரைக்கும் விசாரிப்பார்கள். அந்த நேரத்தில்தான் ஓர் ஆய்வுக் குழு ஆள் எடுத்தது. தோட்ட மக்களின் பண்பாடு, கல்வி, மொழி, நல்வாழ்வு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆராயப் போகிறார்களாம். எனக்கு வேலை கிடைத்தது. அம்மா லயம் லயமாக, தோட்டத்து வரிசை வீடுகள் ஒன்று விடாமல், போய்ச் சொன்னாள்: "எங்க புள்ள டாக்டர் மாதிரிதான். ஊசி மட்டும் போடாது."

கண்டியில் ஒரு ஹோட்டலில் வைத்து எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். காலுக்கடியில் மெத்து மெத்தென்று விரிப்பு, முகத்தில் ஏசிக் காற்று, பத்து மணிக்குக் கேக். எங்கள் மேற்பார்வையாளர் கொழும்பிலிருந்து வந்தவர். 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். எந்தக் கேள்வியும் அவருக்குப் பிரச்சினையில்லை, தனிமைதான் பிரச்சினை. "உங்களுக்கு ரெண்டு காது. பேட்டி கொடுக்கிறவங்களுக்கு ரெண்டு காது. அஞ்சாவது காது உள்ளே வந்தா அந்தப் பேட்டி செத்துப்போச்சு. கதவைச் சாத்துங்க!" என்றார். நாங்கள் எல்லோரும் அதை எழுதிக்கொண்டோம். நான் அடிக்கோடும் போட்டேன்.

இப்போது கேளுங்கள் என் அறிவை. நான் பிறந்ததே லயத்தில். பத்து வயதுவரை வளர்ந்ததும் அங்கேதான். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, போதும் என்று நின்றுவிடும். அதற்கு மேலே இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை ஒரே தகரக் கூரை. இந்தக் காம்பராவில் கருவாடு பொரித்தால் அடுத்த காம்பராவில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். யார் வீட்டில் யார் தும்மினாலும் நாலு வீடு தள்ளி ஒருத்தி "நூறு" என்பாள். கதவைச் சாத்தி என்ன பிரயோசனம்? கையைத் தூக்கி, "சேர், எங்க ஊரில் சுவர் பாதிதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. முள்ளுக்கரண்டியால் கேக் தின்றுகொண்டிருந்தேன். முள்ளுக்கரண்டி பிடித்த கைக்கு லயம் மறந்துபோகும் போலிருக்கிறது. (மறந்ததாவது மண்ணாவது. யாராவது திரும்பி, "அப்போ நீங்க லயமா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான்.)

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்கு முதல் பேட்டி. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வீட்டில் இருக்கவேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். அதாவது, லயத்தில் ஒரு காதுகூட வெளியே போகாத நாள். மடிப்புக் கலையாத சல்வார், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டெப். சிலேட்டு மாதிரி இருக்கும் அந்த டெப்பில்தான் கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். ஒன்றுக்குப் பதில் போடாமல் அடுத்ததுக்குப் போக விடாது. சிவப்பு எழுத்தில் 'பதிலளிக்கவும்' என்று மிரட்டும். பேசுவதையெல்லாம் அதுவே ஒலிப்பதிவும் செய்துகொள்ளும்.

கணினி குலுக்கிப்போட்டு எடுத்த பெயர் செல்வராணி. புருஷன் செத்துப் பல வருஷம். மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் உடைந்ததிலிருந்து வேலைக்கும் போகவில்லை. காம்பராவுக்கு முன்னால் உள்ள திண்ணையில், அதாவது இஸ்தோப்பில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தாள்.

"வாங்க டீச்சர். சாயத்தண்ணி ஊத்தவா?"

"வேண்டாங்க. ஒரு பேட்டி எடுக்கணும். ரகசியமான பேட்டி. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கலாமா?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பகலில் லயத்தில் கதவைச் சாத்தினால் உள்ளே ஏதோ விபரீதம் என்று அர்த்தம். இஸ்தோப்பில் பேன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நான் அதையெல்லாம் கண்டுகொள்வேனா? உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டு, ஜன்னலையும் இழுத்து மூடினேன். அடுப்பில் ஈர விறகு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் காம்பரா முழுக்கப் புகை. சோகமான கேள்விகள் வருவதற்கு முன்பே நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

"உங்கள் வயது?" என்று ஆரம்பித்தேன்.

"முப்பத்தெட்டுங்க."

"நாப்பத்தொண்ணு!" என்று கூரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கும் அவளுக்கும் ஒரே வருசந்தான் சடங்கு சுத்துனாங்க டீச்சர். நாப்பத்தொண்ணு போடுங்க!"

அதுதான் லெச்சுமி அக்கா. பக்கத்துக் காம்பரா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவரைப் பார்த்து, பயிற்சியில் சொல்லித்தந்த அதே தமிழில், "தயவுசெய்து யாரும் குறுக்கிட வேண்டாம், இது இரகசியப் பேட்டி" என்று கத்தினேன்.

"நாங்க குறுக்க வரலைங்க டீச்சர்," என்றது மறுபக்கச் சுவருக்கு அந்தப்புறமிருந்து ஓர் ஆண்குரல். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க நடத்துங்க."

அப்போதே டெப்பை மூடிவிட்டு எழும்பியிருக்க வேண்டும். மூளை என்று ஒன்று இருந்தால் செய்திருப்பேன். எனக்கோ முதல் பேட்டி. வெறுங்கையோடு போனால் சேர் என்ன நினைப்பார் என்று பயம். குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

"உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் நம்பிப் போகக்கூடிய ஒருவர் அயலில் இருக்கிறாரா?"

செல்வராணி சுவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு சுவருக்கே சொல்வதுபோல் உரக்கச் சொன்னாள்: "ஒருத்தரும் இல்ல."

"அடி நன்றி கெட்டவளே! கால் ஒடைஞ்சு கெடந்தப்ப பீலியில தண்ணி புடிச்சுத் தூக்கியாந்து ஊத்துனது யாரு? ஒங்க ஆத்தாளா எந்திரிச்சு வந்தா?"

"ஊத்துன ரெண்டு கொடத்தயும் ஊரு பூரா சொல்லி முடிச்சிட்டியே, இன்னும் என்னா?"

"டீச்சர், அவகிட்ட கேளுங்க, எங்கிட்ட ஏன் பேசாம இருக்கான்னு கேளுங்க!"

அந்தக் கேள்வி என் டெப்பில் இல்லை. ஆனாலும் பதில் எல்லாப் பக்கத்துச் சுவரிலிருந்தும் வந்தது. செல்வராணிக்கு ஒரே மகள், புவனா. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு, A/L, படித்துக்கொண்டிருந்தவள். அம்மாவுக்கு வேலை போனதும் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அந்த வீட்டைப் பார்த்துக்கொடுத்தது லெச்சுமி அக்காவின் தம்பி. மகள் போன நாளிலிருந்து செல்வராணி லெச்சுமி அக்காவோடு பேசுவதில்லை. நடுவில் இருப்பது ஒரே சுவர், அதுவும் பாதிச் சுவர். ஒருத்தி இருமினால் மற்றவளுக்குக் கேட்கும். பேச்சு மட்டும் இல்லை.

நான் பேட்டியைக் காப்பாற்றப் பார்த்தேன். நல்ல சாதுவான கேள்வியாக ஒன்று வந்தது.

"உங்கள் பிள்ளையோடு நீங்கள் எந்த மொழியில் பேசுவீர்கள்?"

"சிங்களத்துலங்க," என்றாள் செல்வராணி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. (ஆமாம், சிரித்தேன். அந்தச் சிரிப்பு டெப்பில் பதிவாகியும் இருந்தது. பிறகு கேட்டபோது எனக்கே என்னை அறையவேண்டும் போலிருந்தது.) கேள்வி விளங்கவில்லை போலிருக்கிறது என்று, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன்: "இல்லைங்க, நீங்க தமிழ்தானே? உங்க மகளோட வீட்டுல தமிழ்லதானே பேசுவீங்க?"

"வீட்டுல எங்கங்க இருக்கு அது? போன்லதான் பேசுது. ஞாயித்துக்கெழம காலையில கோயில் மேட்டுல ஏறி நிப்பேன், அங்கதான் சிக்னல் வரும். தமிழ்ல பேசுனா அந்த வீட்டுக்கார நோனாவுக்குப் பிடிக்காதாம். என்னா சொல்றான்னு அவங்களுக்கு வெளங்கணுமாம். பக்கத்துலயே நிப்பாங்களாம். அதனால புள்ள சிங்களத்துலதான் பேசும். 'மம ஹொந்தின் இன்னவா அம்மா'ங்கும். நல்லா இருக்கேன்னு அர்த்தம். சாப்பிட்டியான்னு கேட்டா அதுக்கும் 'ஹொந்தின் இன்னவா'. அழுவுறியான்னு கேட்டா அதுக்கும் அதேதான்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகைதான் என்று நானும் நம்பிக்கொண்டேன்.

"எனக்குக் கடைக்குப் போற சிங்களந்தான் தெரியும் டீச்சர். நெசமா நல்லா இருக்காளா, இல்ல நோனாவுக்காகச் சொல்றாளான்னு குரல்ல கண்டுபுடிக்கத் தெரியல. தமிழ்ல ஒரு வார்த்த சொன்னா கண்டுபுடிச்சிருவேன். என் வயித்துல பொறந்த புள்ள. எனக்கு அவ பேசுறது வெளங்கல."

சுவருக்கு அந்தப்பக்கம் லெச்சுமி அக்காவின் குரல் எழும்பியது. இந்த முறை கொஞ்சம் உடைந்துபோய்த்தான் வந்தது. "அதுக்கு எந்தம்பி என்னாடி பண்ணுவான்? அவன் என்னா புள்ளயத் தூக்கிக்கிட்டா ஓடுனான்? நீதானே அனுப்புன!"

செல்வராணி கத்தவில்லை. "ஆமா. நாந்தான் அனுப்புனேன். வேற யாரும் இல்ல. நாந்தான்," என்று மடியைப் பார்த்துச் சொன்னாள்.

ஆறுதல் சொல்லலாமா? பேட்டி எடுப்பவர் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்று பயிற்சி. கையைப் பிடிக்கலாமா? அதைப்பற்றிப் பயிற்சியில் ஒன்றுமில்லை. கடைசி பஸ் வேறு போய்விடும். மொழிக் கேள்விக்கு 'சிங்களம்' என்றே அழுத்தினேன். டெப் சந்தோஷமாக அடுத்ததைக் காட்டியது. நான் முன்கூட்டிப் படித்துப் பார்க்காமலே வாசித்தேன். அப்படி ஒரு முட்டாளை அந்த ஆய்வுக் குழு எங்கே தேடிப் பிடித்ததோ!

"கடந்த இரண்டு வாரங்களில், உயிரோடு இருப்பதைவிட இறந்துபோவது மேல் என்ற எண்ணம் உங்களுக்கு வந்ததா? ஒருபோதுமில்லை, சில நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், அநேகமாக ஒவ்வொரு நாளும்."

செல்வராணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"தெனமுந்தான்," என்றாள்.

லயம் அடங்கிப்போனது. அந்தப்பக்கம் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. குழந்தை ஒன்று சிணுங்கியதும் அதன் வாயை யாரோ பொத்தினார்கள். ஒரு தகரக் கூரைக்குக் கீழே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

இப்போது நான் செய்ததைச் சொல்லவே வாய் கூசுகிறது. என் டெப்பில் 'தினமும்' என்று ஒரு பதில் இல்லை. ஆகவே நான் கேட்டேன்: "அதாவது... பாதிக்கு மேற்பட்ட நாட்களா, இல்லை, அநேகமாக ஒவ்வொரு நாளுமா?"

"அடி ஏய் டீச்சர்!" லெச்சுமி அக்கா போட்ட சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. "அவ என்னா சொல்றா, நீ என்னா கேக்குற? கதவத் தொற! தொறடி கதவ!"

நான் எழும்புவதற்குள் அவள் அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்து கதவை உதைத்தாள். பழைய தாழ்ப்பாள், ஒரே உதையில் கழன்று விழுந்தது. புகையெல்லாம் வெளியே போக, லெச்சுமி அக்கா உள்ளே வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப்பூ. வந்த வேகத்தில் செல்வராணியின் முதுகில் பளாரென்று ஒரு அடி வைத்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல? பாவி, இத ஏன்டி சொல்லல?"

"எப்புடி சொல்றது? நாமதான் பேசிக்கிறதில்லையே."

வாசலில் லயமே நின்றது. இப்படி ஒரு பதில் வந்தால் ஒரு தொலைபேசி எண் அச்சடித்த அட்டையைக் கொடுக்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதையாவது சரியாகச் செய்வோம் என்று அட்டையை நீட்டினேன். லெச்சுமி அக்கா வாங்கிப் பார்த்தாள்.

"இதுக்குப் பேசணும்னா கோயில் மேட்டுல ஏறணும். இந்தக் கால வச்சிக்கிட்டு ஞாயித்துக்கெழம ஏறுறதே பெரும்பாடு, இதுக்குமா தனியா ஏறுவா?" என்றவள், அட்டையைத் தூக்கி எறியவில்லை. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "நாளைக்கி நான் ஏத்திக்கிட்டுப் போயி பேச வைக்கிறேன். பெறகு கொழும்புக்குப் போறேன். டீச்சர், நீங்க மொதல்ல அந்தப் பொட்டிய மூடுங்க."

மூடினேன். மூடும்போதும் அது 'பதிலளிக்கவும்' என்று சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது. கடைசி பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். வளைவு ரோடு என்று நினைத்து, பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெண் எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

சேர் அந்தப் பேட்டியை முழுக்கக் கேட்டார். காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு, "இது பேட்டியா, தேர்த்திருவிழாவா?" என்று கேட்டார். அந்தப் பெண் ஆபத்தில் இருக்கிறாள், யாரையாவது அனுப்புங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர்தான், அன்றைக்கே யாருக்கோ பேசினார். ஆனால் விதி விதிதான். பேட்டி செல்லாது. தவிர, 'பிள்ளையோடு பேசும் மொழி: சிங்களம்' என்ற பதிலையும் பேனாவால் சுட்டிக்காட்டினார். "பதியும்போது கை தவறிட்டுது போல. தோட்டத்துத் தமிழ் அம்மா, மொழி எப்படிச் சிங்களமாகும்? கொஞ்சம் கவனமா இருங்க." அன்றோடு எனக்கு வெளிவேலை முடிந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்த பேட்டிகளைச் சரிபார்த்தேன், கொஞ்ச நாளில் அதுவும் முடிந்தது. கடைசியில் டீச்சராகிவிட்டேன். பஸ்ஸில் இப்போது யாரும் விசாரிப்பதில்லை.

லெச்சுமி அக்கா சொன்னபடி கொழும்புக்குப் போனாள். அதை அவளே எனக்குப் போனில் சொன்னாள். அந்த வீட்டு நோனா கேட்டைத் திறக்கவில்லையாம். "அங்கெல்லாம் கேட்டுக்கு வெளிய என்னா சத்தம் போட்டாலும் உள்ள கேக்காதாம் டீச்சர். நான் கேக்க வச்சேன்." எப்படிக் கேட்க வைத்தாள் என்று நான் விசாரிக்கவில்லை. அந்தத் தொண்டையை நான் கேட்டிருக்கிறேன்.

புவனாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இங்கே கதையை முடித்து, அந்தப் பிள்ளை திரும்பவும் படித்து, பல்கலைக்கழகம் போனாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. வந்து பல நாள் யார் கூப்பிட்டாலும் திடுக்கிட்டு எழும்பி நின்றாளாம். அம்மா ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தால் அதை நின்றுகொண்டே குடித்தாளாம். கொழும்பில் என்ன நடந்தது என்று அவள் இன்றுவரை எந்த மொழியிலும் சொல்லவில்லை. இப்போது பொகவந்தலாவை பஜாரில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள்.

செல்வராணி உடனே குணமாகிவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள், மாத்திரை போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து லெச்சுமி அக்கா படுக்கப்போகும் முன் சுவருக்கு மேலாக ஒரு குரல் கொடுப்பாள்: "இருக்கியாடி?" இந்தப்பக்கமிருந்து பதில் வரும்: "இருக்கேன்டி." அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் லயம் தூங்கும் என்றார்கள்.

போன வருஷம் அந்த லயத்து ஆட்களுக்குத் தனித்தனி வீடு கிடைத்தது. பால் காய்ச்சுவதற்கு என்னையும் கூப்பிட்டார்கள். நல்ல வீடு. சுவர் கூரைவரை போகிறது, கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் வெளியே வராது. எங்கள் சேர் பார்த்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். குலுக்கலில் லெச்சுமி அக்காவுக்கு மேல்வரிசையில் வீடு விழுந்துவிட்டது.

"இப்ப எப்புடிக் கூப்புடுறாங்க?" என்று செல்வராணியிடம் கேட்டேன்.

"டோர்ச் லைட்ட எடுத்துக்கிட்டு எறங்கி வந்து கதவத் தட்டுறா. இந்த முழங்கால் வலியோட நான் எந்திரிச்சுத் தொறக்கணும். மழை பெஞ்சாலும் வந்துருவா, சனியன்," என்றாள். சொல்லும்போது சிரித்தாள்.

இந்தக் கதையை நான் வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லித் தொலைத்துவிட்டேன். எங்கள் வீடு ஹட்டனில், கல் சுவர் வீடு. நான் யாரோடாவது கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் போதும், என் மகள்கள் வெளியே நின்று ஆரம்பித்துவிடுவார்கள். "டீச்சர், பேட்டி முடிஞ்சிருச்சா?" என்பாள் பெரியவள். சின்னவள் லெச்சுமி அக்காவைப் போலவே தொண்டையைக் கிழித்துக்கொண்டு, "இருக்கியாடி?" என்பாள். (பெற்ற தாயை 'டி' போட்டு!) இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கும். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களும் பழகிவிட்டார்கள், அவர்களும் கேட்கிறார்கள். நானும், "இருக்கேன், போங்கடி அந்தப்பக்கம்" என்று கத்துவேன்.

முன்னறையில் என் புருஷன் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் இந்த விளையாட்டில் சேருவதில்லை. ஆனால் சின்னவள் கேட்டதும் டிவியின் சத்தம் குறைந்துவிடும். நான் பதில் சொன்ன பிறகுதான் திரும்பவும் கூடும்.